முதல் வேலை சின்ன கம்பெனியில் கிடைத்தால்

போன வாரம் சித்தப்பா மகள் போன் செய்தாள். எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். ஈரோட்டில் ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மஞ்சள் மண்டி, கமிஷன் கடை என்று அவரவர் தொழிலுக்கு ஏற்ற மாதிரி பில்லிங், சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

"அங்க போனா வளர்ச்சியே இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா. பெங்களூர்ல பெரிய கம்பெனிக்கு ட்ரை பண்ணிட்டே இருக்கட்டுமா?"

போ, யோசிக்காமல் போ என்றேன். ஏன் என்று போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

2005-ல் நானும் அப்படி ஓர் இடத்தில்தான் சேர்ந்தேன். திருப்பூர். மாடியில் ஒரே அறை, நான்கு பேர், மூன்று கணினிகள், மாதம் 3,500 ரூபாய். நிரல் எழுத விஷுவல் பேசிக் 6, தரவைச் சேமிக்க ஆக்சஸ், அறிக்கைகளை அச்சிட கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ். எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகளுக்கு இந்த மூன்றும்தான் சோறு போட்டன.

எனக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு பனியன் கம்பெனிக்கானது. நூலை வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். துணியாக வந்ததை டையிங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து காம்பாக்டிங் (பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை இறுக்குவது), அப்புறம்தான் கட்டிங், தையல் எல்லாம். நிட்டிங்கும் டையிங்கும் காம்பாக்டிங்கும் வெளியே, வேறு வேறு ஆட்களிடம். சரக்கு வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு டிசி (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) போட வேண்டும். இன்றைய தேதியில் யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது? முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. வரவு செலவுக்கு டேலி மென்பொருள் வைத்திருந்தார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பழைய நோட்டுதான்.

ஒரு மாதம் அறைக்குள் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு போனேன். போன எடையும் வந்த எடையும் ஒத்துப்போனால்தான் டிசி முடியும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு அதில் அவ்வளவு பெருமை. ஸ்டோர் பார்க்கிற அண்ணன் ஒரு டையிங் டிசியை ஏற்றிப் பார்த்தார். போனது 500 கிலோ, வந்தது 468. திரை ஏற்கவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாயப்பட்டறைக்குப் போன துணி போன எடையிலயே திரும்பி வருமுங்களா தம்பி?"

பருத்தியில் இயற்கையாக இருக்கும் மெழுகும் அழுக்கும் பட்டறையில் வேகவைத்துக் கழுவும்போது போய்விடும். எடை குறையத்தான் செய்யும். ஆனால் குறைய வேண்டிய அளவுக்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்டாக வேண்டும். அந்த அளவு துணிக்குத் துணி மாறும். அதை அவர் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஒரே டிசியில் போனது மூன்று தவணையாக வருவது, உடம்புத் துணி கிலோவிலும் காலர் எண்ணிக்கையிலும் போவது, எல்லாமே அதே நோட்டில் இருந்தன. அந்த ஒரு மாதத்தில் அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அப்புறம் நான்கு நாள் ஸ்டோரில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எழுதியதில் பாதிக்கு மேல் மாற்றி எழுதினேன்.

இதைவிட வலித்தது இன்னொன்று. ஆகஸ்ட் 20 வாக்கில் மென்பொருள் ஓட ஆரம்பித்தது. பத்து நாள் ஒரு குறையும் இல்லை. செப்டம்பர் 3-ம் தேதி காலையில் பட்டியலைப் பார்த்த முதலாளி, ஒரு டையிங்காரரைப் போனில் பிடித்து, சரக்கை இன்னும் அனுப்பவில்லையே என்று சத்தம் போட்டுவிட்டார். அவர் அதை முந்தின நாளே அனுப்பியிருந்தார். கையெழுத்து வாங்கிய டிசி நகலை எடுத்துக்கொண்டு வண்டியில் நேரே வந்து நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

நடந்தது இதுதான். நிரலுக்குள்ளிருந்து ஆக்சஸுக்குத் தேதியை 02/09 என்று கொடுத்தால், அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். செப்டம்பர் 2-ல் வந்த சரக்கு பிப்ரவரி 9 என்று பதிவாகிவிட்டது. 20/08 என்று கொடுத்தால் இருபதாவது மாதம் கிடையாது என்பதால் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். ஆக, 13-ம் தேதியிலிருந்து எல்லாம் சரியாகவே தெரியும். மாதத்தின் முதல் 12 நாள்தான் புரளும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் மாதக் கடைசியில்.

பெரிய இடத்தில் இருந்திருந்தால் இந்தப் பிழை எனக்குப் புகார்ப் பட்டியலில் ஒரு டிக்கெட் எண்ணாக வந்திருக்கும். சரிசெய்து மூடியிருப்பேன். செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கிய மனிதர் எதிரே நிற்பதைப் பார்த்திருக்க மாட்டேன். இன்றைக்கும் தேதியைத் தொடும் எந்த வரியை எழுதினாலும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

வரியும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தது. விற்பனை வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தேன். 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரிக்குப் பதிலாக வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது. ஊரே புத்தாண்டுக்குத் தயாரானபோது நான் அந்த எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு விகிதங்களை, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதோடு சேர்த்துத் தனி அட்டவணையில் வைத்தேன். பழைய பில்லைத் திரும்ப அச்சிட்டால் பழைய விகிதம்தானே வர வேண்டும். 2011 ஜூலையில் 4 சதவீதம் 5 ஆனபோது ஒரு வரி சேர்த்தால் போதுமாக இருந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்து ஒரே வரி மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிந்தபோது அதுவும் போதவில்லை, அது வேறு கதை.

சரி, எல்லாமே நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். நான் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துத் தப்பு சொன்னதே இல்லை. நிரலின் பழைய பதிப்புகளைக் காக்க எங்களிடம் இருந்தது தேதி போட்ட ஜிப் கோப்புகள்தான். கரண்ட் போனால் ஆக்சஸ் கோப்பு கெட்டுப்போகும், போன வாரம் நகலெடுத்து வைத்த சிடியைத் தேடுவோம். பின்னால் சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனபோது ஒழுங்காக வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் சித்தப்பா மகளிடம், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள் என்றேன்.

எனக்கு இன்றும் மனது ஒப்பாத ஒரு விஷயம் உண்டு. நாங்கள் வாடிக்கையாளர்களுக்கு மூல நிரலை, அதாவது மென்பொருளைத் திருத்தத் தேவையான எழுத்து வடிவத்தை, கொடுத்ததில்லை. கொடுத்தால் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்பார்கள். 2008 ஏப்ரலில் விஷுவல் பேசிக் 6-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. சில வருடம் கழித்து எங்கள் கம்பெனியும் மூடப்பட்டது. அந்தப் பனியன் கம்பெனியில் எங்கள் மென்பொருள் இருந்த ஒரு பழைய கணினியை அணைக்கவே பயந்துகொண்டு வெகுநாள் ஓட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியவரின் தொழிலே அதற்குள் இருக்கிறது. நிரலும் தரவும் அவர் கைக்குப் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃபார்ம் (தகவலை ஏற்றும் திரை) எழுதுவதையெல்லாம் இப்போது ஏஐ பார்த்துக்கொள்கிறதே, இந்த அனுபவம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் ஒரு மாதம் எழுதியதை அது ஒரு மணி நேரத்தில் எழுதிவிடும், உண்மைதான். ஆனால் 500 கிலோ போய் 468 வரும் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப்போகிற ஆள் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவராகத்தானே இருக்க முடியும்?

அவள் திங்கட்கிழமை சேர்கிறாள். முதல் வாரம் கணினியைத் தொட அவசரப்படாதே, ஏலம் நடக்கிற நேரத்தில் மண்டியில் போய் நில் என்று சொல்லியிருக்கிறேன். மஞ்சளில் விரலிக்கும் (நீளமானது) கிழங்குக்கும் (உருண்டையானது) கணக்கை எப்படிப் பிரிக்கிறார்கள், மூட்டைக்கு எவ்வளவு எடை கழிக்கிறார்கள், ஈரமாக வந்த சரக்கை என்ன செய்கிறார்கள் என்று கேள். அப்புறம், அங்கே கணக்கு எழுதுகிறவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது என்ன என்று கேட்டுவிட்டு வா.