ஸ்கேனில் வடிவம் தெரியும், செல்லின் உயிர் தெரியாது
"ஓசிடி ஸ்கேன் எடுத்தாலே போதும், அச்சிட்ட திசுவை இனி வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை" என்று, உயிருள்ள செல்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் திசுவாக அச்சிடுவது பற்றிய இந்தக் கட்டுரையில் வருவதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஓசிடி என்பது ஒளியைச் செலுத்தித் திசுவின் உட்புறத்தைப் படம் பிடிப்பது; கண் மருத்துவர்கள் விழித்திரையைப் படம் பிடிக்கும் அதே நுட்பம்தான். துளை அளவு, இழைத் தடிமன் எல்லாம் மைக்ரான் கணக்கில் அருமையாகக் கிடைக்கும். ஆனால் செல் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சாதாரண ஓசிடி படம் காட்டாது. செல்களைச் சேர்த்த ஜெலட்டின்-ஆல்ஜினேட் கூழில் நான் அச்சிட்ட வலைச்சட்டம் ஒன்று ஸ்கேனில் கணினி வரைபடத்தை அச்சு அசலாக உரித்து வைத்திருந்தது. மறுநாள் சாயமேற்றிப் பார்த்தால் உயிருள்ள செல்லைக் காட்டும் பச்சை அங்கொன்றும் இங்கொன்றும்தான், இழை நெடுகச் சிவப்பு, அத்தனையும் செத்த செல்கள். அவற்றைக் கொன்றது, அச்சு ஊசி அடைக்கிறதே என்று அழுத்தத்தைக் கூட்டிய என் புத்தி! இதற்கு அல்ட்ராசவுண்ட் உதவுமா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: 1, 2 மி.மீ. ஆழத்தோடு நின்றுவிடும் ஓசிடியைவிட அது ஆழமாகப் போகும், நுணுக்கம்தான் குறையும்.