தென்னாப்பிரிக்காவில் ஆசிய அணி தொடர் வென்றதே இல்லையா?

தென்னாப்பிரிக்கப் பயணம் என்றாலே ஒரு பதிவு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது: "அங்கே எந்த ஆசிய அணியும் டெஸ்ட் தொடரை வென்றதில்லை, இந்தியாவும் வெல்லாது."

தவறு. 2019 பிப்ரவரியில் இலங்கை 2-0 என்று வென்றது. அப்போது அந்த அணிக்கு யாருமே வாய்ப்புத் தரவில்லை என்பது வேறு விஷயம். டர்பனில் இலக்கு 304. 226 ரன்னில் ஒன்பதாவது விக்கெட்டும் போயிற்று. அப்புறம் குசல் பெரேராவும் விஷ்வா பெர்னாண்டோவும் பிரியாமல் 78 ரன் சேர்த்தார்கள். அதில் விஷ்வாவின் பங்கு வெறும் 6! பெரேரா ஆட்டமிழக்காமல் 153. அடுத்த டெஸ்டில் எட்டு விக்கெட் வெற்றி.

இந்தியா அங்கே இதுவரை தொடர் வென்றதில்லை, அது சரி. ஆனால் 2010-11, 2023-24 தொடர்களை 1-1 எனச் சமன் செய்திருக்கிறது. பெர்னாண்டோ மாதிரி கடைசி ஆட்டக்காரரும் நின்று ஆடினால் வாய்ப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.