தொப்புளில் மருந்து வைக்காதது நர்ஸின் அலட்சியம் அல்ல

சேலம், ஏற்காடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இப்போதெல்லாம் நர்ஸுகள் பிறந்த குழந்தையின் தொப்புளுக்கு எந்த மருந்தும் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவுங்கள்."

தயவுசெய்து தடவாதீர்கள். முன்பு ஸ்பிரிட்டும் ஊதா மருந்தும் வைத்தது உண்மைதான். அந்த வழக்கத்தை மாற்றியது ஆராய்ச்சி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 8,959 குழந்தைகளைப் பற்றிய 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கிருமிநாசினி வைத்தாலும் சும்மா விட்டாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. மருந்து வைத்த தொப்புள்கொடி விழத்தான் கூடுதல் நாள் பிடித்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல், கொடியைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைக்கச் சொல்லிவிட்டு, சாணம் போன்றவற்றைத் தடவும் வழக்கமுள்ள இடங்களுக்கு மட்டும் முதல் வாரத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைப் பரிந்துரைக்கிறது. ஆக, ஒன்றும் தடவாமல் விடும் நர்ஸ் கற்றதைத்தான் செய்கிறார்.

பாட்டிமார்களின் அக்கறை புரிகிறது. ஆனால் தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம் இருந்தாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சந்தேகமா? உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ 104 எண்ணிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.