ஆக்சஸ் கேட்டு வரும் மெயிலுக்கு என்ன பதில் போகிறது?

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ரிப்போர்ட் வேலை பார்க்கிறேன். நானும் ஒரு தம்பியும், இரண்டே பேர். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு விற்பனை ஆய்வுக் கூட்டம் இருக்கும். போன வருடம் மார்ச்சில், மோட்டார் விற்பனை சூடுபிடிக்கிற நேரம், திண்டுக்கல் பகுதிக்குப் புதிதாக வந்த விற்பனை அலுவலர் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்தார். "சார், டீலர் பாக்கி ரிப்போர்ட் எனக்கு இன்னும் திறக்கல சார். வியாழக்கிழமையே கேட்டிருந்தேன்."

தேடிப் பார்த்தேன். அவர் லிங்கைத் திறந்திருக்கிறார். உங்களுக்கு அனுமதி இல்லை, வேண்டுமென்றால் கேளுங்கள் என்று பவர் பிஐ, அதாவது நாங்கள் ரிப்போர்ட் காட்டப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள், வழக்கம்போலச் சொல்லியிருக்கிறது. பட்டனை அழுத்தியிருக்கிறார். மெயிலும் போயிருக்கிறது. அந்த டேட்டாவுக்கு உரிமையாளர் என்று பதிவாகியிருந்தவருக்குப் போயிருக்கிறது. அவர் டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டார். நான்கு நாளாக அந்தப் பெண் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டத்தில் பாக்கித் தொகை பற்றிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். தவறு எங்களுடையது, திட்டு வாங்கியது அவர். இன்று நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அன்று மாலையே, அனுமதி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் இந்த வேலையைத் தானாக நடக்கும்படி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தோம். இரண்டு முறை தப்பாகச் செய்தோம். அந்தத் தப்புகளைப் பல அலுவலகங்கள் இப்போதும் செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, வெறும் தானியங்கிப் பதில். ஒரு பொது மெயில்பெட்டி வைத்து, கோரிக்கை வந்த உடனே ஒரு பதில் போகும்படி செய்தோம். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." எங்களுக்கு வரும் போன்கள் குறைந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம். உண்மையில் மக்கள் அந்த மெயிலை நம்பிக் காத்திருக்க ஆரம்பித்திருந்தார்கள். முன்பு ஒரு நாளில் போன் செய்து கேட்டவர்கள், இப்போது நாலைந்து நாள் பொறுமையாக இருந்தார்கள். யார் முடிவு செய்வார், எப்போது செய்வார், அதுவரைக்கும் என்ன செய்வது என்று சொல்லாத பதில், பதில் இல்லாததைவிட மோசம்.

இரண்டாவது தப்பு பெரியது. கம்பெனி மெயில் முகவரி இருந்தால் போதும், கேட்ட உடனே அனுமதி என்று மாற்றினோம். மூன்று நிமிடத்தில் ரிப்போர்ட் திறக்கும். எல்லாரும் பாராட்டினார்கள். ஒவ்வொரு விற்பனை அலுவலரும் தன் பகுதிக் கணக்கை மட்டும் பார்க்கும்படி ரிப்போர்ட்டுக்குள் பூட்டு போட்டிருந்தோம், அதனால் பயமில்லை என்று இருந்தோம். ஆனால் அந்தப் பூட்டு, பார்வையாளராக, அதாவது வியூவராக, உள்ளே வருபவருக்கு மட்டும்தான் வேலை செய்யும். ரிப்போர்ட்கள் இருக்கும் பொது இடமான வொர்க்ஸ்பேஸில் கான்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் என்று மாற்றம் செய்யும் உரிமையோடு யாரைச் சேர்த்தாலும் அவருக்கு எல்லாப் பகுதிகளின் கணக்கும் தெரியும். எங்கள் ஃப்ளோ, அதாவது இந்த வேலையைத் தானாகச் செய்யும் நிரல், ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த குழுவுக்கு, முன்பு ஏதோ அவசரத்தில், கான்ட்ரிபியூட்டர் உரிமை கொடுத்திருந்தோம். நாங்கள் கவனிக்கவில்லை. ஈரோட்டுக்காரருக்குச் சேலம் டீலரின் தள்ளுபடி தெரிந்தது. இரண்டே வாரத்தில் ஒரு டீலர் போனில் கேட்டார்: "அவங்களுக்கு மட்டும் ரெண்டு சதவீதம் கூடங்களா?"

அதோடு நிற்கவில்லை. எங்களுடையது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 உள்வர்த்தகத் தடுப்பு விதிமுறைப்படி, காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை உள்விவரம் தெரிந்தவர்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. பங்கு விலையை அசைக்கக்கூடிய, இன்னும் வெளியே வராத தகவல் யார் யாருக்குப் போனது என்று பெயரோடும் பான் எண்ணோடும் ஒரு டிஜிட்டல் பதிவேடு வைத்திருப்பதும் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். நேரம் பதிவாக வேண்டும், பிறகு யாரும் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும். காலாண்டின் மொத்த விற்பனையைக் காட்டும் டாஷ்போர்டு அப்படிப்பட்ட தகவலில் சேருமா, சேராதா? கம்பெனி செயலாளர் என்னைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்டார். இதை யாரெல்லாம் பார்த்தார்கள்? எந்தத் தேதியிலிருந்து? பார்க்கலாம் என்று யார் சொன்னது? முதல் இரண்டுக்கும் லாகில் இருந்து, அதாவது யார் எப்போது திறந்தார் என்று கணினி வைக்கும் பதிவிலிருந்து, பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. யாருமே சொல்லவில்லை.

என் நிலைப்பாடு அந்த அறையில்தான் உறுதியானது. மெயில் அனுப்புவது, நினைவூட்டுவது, குழுவில் சேர்ப்பது, பதிவு வைப்பது எல்லாவற்றையும் இயந்திரம் செய்யட்டும். ஆனால் "சரி, பார்க்கலாம்" என்ற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் ஐடி ஆளுடையதாக இருக்கக் கூடாது. சாவி எங்கள் கையில் இருக்கிறது, வீடு எங்களுடையது இல்லை. டீலர் பாக்கியை யார் பார்க்கலாம் என்பது விற்பனைத் தலைவரின் முடிவு, சம்பளச் செலவை யார் பார்க்கலாம் என்பது மனிதவளத் தலைவரின் முடிவு.

இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான். பவர் பிஐயில் கோரிக்கையை மெயிலாக அனுப்புவதற்குப் பதிலாக, கேட்பவருக்கு நம் சொந்த வழிமுறையைக் காட்டும்படி வைக்கலாம். அதில் ஒரு ஃபார்ம் லிங்கைப் போட்டோம். எந்த ரிப்போர்ட், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று மூன்று கேள்விகள். கேட்பவரின் மெயில் முகவரி தானாகவே பதிவாகிவிடும். அங்கிருந்து, ஃப்ளோக்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் ஆட்டோமேட், அந்த ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பான தலைவருக்கு மெயிலிலும் டீம்ஸிலும் கேள்வியாக அனுப்புகிறது. அவர் ஒப்புக்கொண்டால் கேட்டவர் வியூவர் குழுவில் சேர்க்கப்படுகிறார். மறுத்தால் காரணத்தையும் எழுதச் சொல்கிறோம், அந்தக் காரணம் அப்படியே கேட்டவருக்குப் போகிறது. கேட்பவருக்குப் பவர் பிஐ லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுகிறோம். இல்லையென்றால் அனுமதி கிடைத்தும் ரிப்போர்ட் திறக்காது, அவர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ அதிகபட்சம் 30 நாள்தான் ஓடும். தலைவர் பதிலே சொல்லாவிட்டால் அதன்பின் அந்தக் கோரிக்கை சத்தமில்லாமல் செத்துவிடும், கேட்டவருக்குத் தெரியவே தெரியாது. மறுபடியும் அதே ஆளில்லாத வீடுதான். அதனால் ஒரு நாளில் நினைவூட்டல், இரண்டாவது நாளில் அவருக்கு அடுத்தவரிடம் கேள்வி போகும்படி வைத்திருக்கிறோம்.

பதிலின் வாசகத்துக்கு நாங்கள் செலவிட்ட நேரம் வீண் இல்லை. இப்போது முதல் பதில் இப்படிப் போகிறது: "டீலர் பாக்கி ரிப்போர்ட் கேட்டிருக்கிறீர்கள். முடிவு செய்பவர் விற்பனைத் தலைவர். நாளை மாலைக்குள் பதில் வரும். அதற்கு முன் அவசரமாக ஏதாவது எண் வேண்டுமென்றால் இந்த நீட்டிப்பு எண்ணில் கூப்பிடுங்கள்." அனுமதி கிடைத்ததும் வரும் மெயிலில் ரிப்போர்ட் லிங்க், கூடவே "உடனே திறக்காவிட்டால் ஒருமுறை சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள்" என்ற ஒரு வரி. குழுவில் சேர்த்தது உடனே தெரியாமல் போவது உண்டு. அந்த வரியைச் சேர்த்த பிறகு, அனுமதி கிடைத்தும் திறக்கவில்லை என்று வருகிற போன்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன.

தலைவர்கள் படிக்காமலே ஒப்புதல் பட்டனைத் தட்டுகிறார்களே என்று தம்பி கேட்டான். சிலர் தட்டுகிறார்கள்தான். அதனால்தான் யார் கேட்கிறார், ரிப்போர்ட்டில் என்ன தெரியும், எந்தத் தேதிவரை என்று மூன்று வரியை அந்த மெயிலின் தலையிலேயே வைத்தோம். காலாண்டு முடிவு நேரத்தில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரியும் வரும். அதற்குப் பிறகும் தட்டினால், தட்டியவர் பெயர் பதிவில் இருக்கும், கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும்.

அனுமதியைத் திரும்பப் பெறுவதை இன்னும் சரியாகச் செய்து முடிக்கவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைவருக்கும் "உங்கள் ரிப்போர்ட்டை இப்போது பார்க்க முடிகிறவர்கள் இவர்கள்" என்று பட்டியல் போகும்படி போன மாதம்தான் தொடங்கினோம். விற்பனைத் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். ஆறு பெயர்களைச் சுற்றியிருந்தார். இரண்டு பேர் ஃபவுண்டரிக்கு மாறியவர்கள், மூன்று பேர் ஒப்பந்தம் முடிந்து போனவர்கள். ஆறாவது பெயர் யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றே ஆறையும் எடுத்துவிட்டோம். அந்த ஆறாவது பெயர் எப்படி உள்ளே வந்தது என்று பழைய லாகில் தேடிக்கொண்டிருக்கிறேன்.