‘சம்பியனிடம்தானே தோற்றோம்’ என்று யாரும் ஆறுதல் சொல்ல வரவேண்டாம்

2025 ஜூன் 17 அன்று புளோரிடா பந்தர்ஸ் அணி, வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அன்றிரவே தொடங்கிவிட்டது இந்த ஆறுதல். வேலையிடத்தில் சொல்கிறார்கள். கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். மச்சான் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்பே இதைத்தான் சொல்கிறான்: “யோசித்துப் பார் மச்சான், அந்தச் சம்பியனை ஏழாவது ஆட்டம்வரை இழுத்தது நம்முடைய லீஃப்ஸ் மட்டும்தான்!”

கணக்கு சரிதான். ஒரு தொடரில் அதிகபட்சம் ஏழு ஆட்டம், நான்கை முதலில் வெல்பவருக்குத் தொடர். தம்பா பேயை ஐந்து ஆட்டத்தில் முடித்தது புளோரிடா. கரோலினாவையும் ஐந்தில் முடித்தது. இறுதிப் போட்டியில் எட்மன்டன் ஆறு ஆட்டம் தாங்கியது. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் மட்டும் ஏழு. சரி, அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நகரசபை வாசலில் மேளதாளத்துடன் வரவேற்பு வைக்கவா?

ஏழாவது ஆட்டம்வரை போனோம் என்று பெருமைப்படுகிறவர்கள் அந்த ஏழாவது ஆட்டத்தைப் பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். மே 18, நீண்ட வார இறுதியின் ஞாயிற்றுக்கிழமை. சொந்த அரங்கு. முழு அரங்கும் நீலமும் வெள்ளையுமாக எழுந்து நிற்கிறது. முடிவு 6-1. அதற்கு முன் ஐந்தாவது ஆட்டம், மே 14, அதே அரங்கு. அதுவும் 6-1. ஒரே வாரத்துக்குள், ஒரே பனித்தளத்தில், ஒரே கணக்கில் இரண்டு முறை அடி வாங்கியதற்குப் பெயர் போராட்டமா?

இந்தத் தொடர் தொடங்கிய விதத்தையும் மறந்துவிட்டார்கள். முதல் ஆட்டம் 5-4, இரண்டாவது 4-3, இரண்டும் நமக்கு. இன்னும் இரண்டு வென்றால் போதும். மூன்றாவது ஆட்டம் தொடங்கி 23 ஆவது விநாடியில் நம்முடைய மத்தியூ நைஸ் கோல் அடிக்கிறார். சற்று நேரத்தில் 2-0. தொடரில் 2-0, ஆட்டத்திலும் 2-0. கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போகவேண்டிய இடம் அது. ஆனால் இவர்கள் கதவைத் திறந்துவைத்து, விளக்கையும் ஏற்றி, வாருங்கள் என்று அழைத்தார்கள். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. அங்கே பிராட் மார்ஷாண்ட் அடித்தார், 5-4 என்று புளோரிடா வென்றது. மார்ஷாண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போதே தொடங்கினால் இரத்த அழுத்தம் ஏறிவிடும். நான்காவது ஆட்டத்தில் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவதில், ஆட்டம் முடியும் தறுவாயில், பாதி இருக்கைகள் காலியான பிறகு, மருந்துக்கு ஒன்று.

ஆறாவது ஆட்டத்தைச் சொல்லியாகவேண்டும். எல்லோரும் கைகழுவிய பிறகு புளோரிடாவுக்கே போய் 2-0 என்று வென்று வந்தார்கள். நம்முடைய கோல் காப்பாளர் ஜோசப் வோல், ‘பக்’ எனப்படும் இரப்பர் வட்டை ஒருமுறைகூட உள்ளே விடவில்லை. ஒஸ்டன் மத்தியூஸ் அந்தத் தொடரில் தன் முதல் கோலை அன்றுதான் அடித்தார். கவனியுங்கள், அணித்தலைவருடைய முதல் கோல், ஆறாவது ஆட்டத்தில். என்றாலும் அன்றிரவு நம்பினேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி முழுவதும் நம்பியது. கார்க் கண்ணாடிகளில் கழற்றிவைத்த நீலக் கொடிகள் மறுநாள் காலை மீண்டும் ஏறின. இவர்கள் நம்மைக் கொல்வது தோல்வியால் அல்ல, இந்த மாதிரி ஒரு வெற்றியால்.

பிறகு அந்த ஞாயிறு. முதல் பகுதியில் இரு பக்கமும் கோல் இல்லை. இரண்டாவது பகுதியில் புளோரிடாவின் சேத் ஜோன்ஸ் தொடக்கிவைத்தார், அந்தப் பகுதி முடிவதற்குள் 3-0. இடையில் தொலைக்காட்சிக் கமெரா நம்முடைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கைக் காட்டியது. மிட்ச் மார்னர் சக வீரர்களைப் பார்த்து ‘விழித்தெழுங்கள்’ என்ற பொருளில், கெட்ட வார்த்தையும் கலந்து, கத்திக்கொண்டிருக்கிறார். ஏழாவது ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் தட்டி எழுப்பவேண்டிய நிலைமை! நித்திரையிலிருந்தது யார்? வீட்டில் நாங்கள் நகம் கடித்துக்கொண்டு முழித்துத்தானே இருந்தோம்? மூன்றாவது பகுதி தொடங்கியதும் மக்ஸ் டோமி ஒன்றை அடித்தார். 3-1. எழுந்து நின்றோம். திரும்ப உட்கார ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. லூஸ்டாரினென் அடித்த கோலுடன் 4-1.

அந்த ஒரு கோல் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொதிக்கவைக்கிறது. 2019 இல் பொஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 5-1. 2021 இல் மொன்றியலிடம் 3-1. அதுவும் தொடரில் 3-1 என்று முன்னால் நின்று, மூன்று ஆட்டங்களை வரிசையாகக் கோட்டைவிட்ட பிறகு. 2022 இல் தம்பா பேயிடம் 2-1. 2024 இல் மறுபடியும் பொஸ்டன், மேலதிக நேரத்தில் பாஸ்ட்ர்னாக் அடித்து 2-1. இப்போது 6-1. ஐந்து ஏழாவது ஆட்டங்கள், நான்கு வேறு எதிரணிகள், மூன்று வேறு பயிற்சியாளர்கள், ஒவ்வொன்றிலும் சரியாக ஒரே ஒரு கோல். நடுவில் 2020 இல் கொலம்பஸுடன் ஐந்து ஆட்டத் தொடர் ஒன்று. அதன் கடைசி ஆட்டத்தில் அந்த ஒன்றும் கிடையாது, 3-0. இதில் ‘சம்பியனிடம் தோற்றோம்’ என்பது எங்கே வருகிறது? மொன்றியல் சம்பியனா? கொலம்பஸ் சம்பியனா? முன்னால் யார் நின்றாலும், கடைசி ஆட்டம் என்று வந்துவிட்டால், இவர்களுக்குக் கை ஓடாது, கால் ஓடாது.

2013 இல் பொஸ்டனிடம் தோற்ற ஏழாவது ஆட்டத்தை இதில் சேர்க்கவில்லை. அன்று ஒன்றல்ல, நான்கு கோல் அடித்தார்கள். மூன்றாவது பகுதியில் 4-1 என்று முன்னால் இருந்து, கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை, இவர்களே தூக்கிப் போட்டு உடைத்தார்கள்.

கோல் அடிக்காதது யார் என்றும் பாருங்கள். இந்த லீக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் அது 8 கோடியே 80 இலட்சம் அமெரிக்க டொலர். மத்தியூஸ், நைலாண்டர், டவாரெஸ், மார்னர் ஆகிய நால்வர் மட்டும் அதில் 4 கோடியே 66 இலட்சத்தை விழுங்கினார்கள். பாதிக்கு மேல். மிச்சத்தில்தான் மற்ற எல்லோரையும், இரண்டு கோல் காப்பாளர்கள் உட்பட, வைத்துக்கொள்ளவேண்டும். பருவம் முழுவதும் அந்தப் பணம் நியாயம்தான் என்று தோன்றும். 52 வெற்றி, 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். தம்பா பேயும் புளோரிடாவும் நமக்குக் கீழே. ஏழாவது ஆட்டம் சொந்த அரங்கில் நடந்ததே அந்த முதலிடத்தால்தான். 82 ஆட்டம் ஆடிச் சம்பாதித்த சலுகை அது. அந்த ஞாயிறு இரவில் நால்வரில் ஒருவரும் கோல் அடிக்கவில்லை.

அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் புளோரிடாவின் சாம் பெனட்டின் முழங்கை நம்முடைய கோல் காப்பாளர் ஸ்டொலார்ஸின் தலையில் பட்டது, அவர் வெளியேற நேர்ந்தது. பெனட்டுக்குத் தண்டனை எதுவும் இல்லை. பிறகு அதே பெனட்டுக்கு, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது வேறு கொடுத்தார்கள். இதைப் பற்றி என்னால் தனியாக இரண்டு மணிநேரம் பேசமுடியும். ஆனால் ஸ்டொலார்ஸ் இல்லாததால் தோற்றோம் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளமாட்டேன். கோல் காப்பாளர் கோல் அடிப்பதில்லை.

இப்போது இரண்டாவது ஆறுதல் புறப்பட்டிருக்கிறது: மார்னர் போய்விட்டார், பீடை விட்டது. ஜூன் 30 அன்று அவரை லாஸ் வேகஸுக்கு அனுப்பிவிட்டு நிக்கோலா ருவா என்பவரை வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், மே மாதமே, 11 ஆண்டு அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த பிரெண்டன் ஷானஹானையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. 2024 இல் பயிற்சியாளர் கீஃபை அனுப்பினார்கள். 2019 இல் சென் லூயிஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கிரெய்க் பெருபே வந்தார், அவருக்கும் அதே ஒரு கோல்தான். மார்னர் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்து, இந்த அணியைப் பார்த்து வளர்ந்த பையன் அவர். பருவத்தில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து நூறு புள்ளி தாண்டியவர். அவரை அனுப்பியதால் கோல் எண்ணிக்கை கூடும் என்பது எந்த ஊர்க் கணிதம் என்று தெரியவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் சிலர் தங்கள் ஜெர்சியைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்தார்கள். ஏழாவதிலும் எறிந்தார்கள். பத்திரிகைகள் அவர்களைத் திட்டின. எனக்குத் திட்ட மனம் வரவில்லை, ஆனால் சிரிப்பு வந்தது. ஒக்டோபரில் இதே ஆட்கள் போய்ப் புது ஜெர்சி வாங்குவார்கள், அந்தப் பணமும் அதே கல்லாவுக்குத்தான் போகும். 2024 இறுதியில் போர்ப்ஸ் இதழ் இந்த அணியின் பெறுமதியை 380 கோடி அமெரிக்க டொலர் என்று கணித்தது. லீக்கிலேயே முதலிடம். கோப்பை வறட்சியிலும் முதல் வரிசை, கல்லாப் பட்டியலிலும் முதல் வரிசை. என்னைப் போன்றவர்களுக்கு பிளேஓஃப் டிக்கெட் கனவில்தான். அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன்னால் குளிரில் நின்று கத்துகிறவர்களும், வீட்டில் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துகிறவர்களும்தான் நாங்கள்.

எப்போது கடைசியாக வென்றார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்: 1967. அப்போது லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். ஆறில் ஒன்று வெல்லத்தானே வேண்டும்? அதற்குப் பிறகு கோப்பை இருக்கட்டும், இறுதிப் போட்டிக்கே போகவில்லை. குடிவரவுக்குப் புள்ளி முறையைக் கனடா கொண்டுவந்ததும் அதே 1967 இல்தான். அந்த முறையில் வந்தவர்கள், பிறகு 1983 க்குப் பின் அகதிகளாக வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு சமூகமே இந்த நகரத்தில் உருவாகிவிட்டது. ஆங்கிலம் படித்தோம், பனியில் கார் ஓட்டப் பழகினோம், வீடு வாங்கினோம், பாராளுமன்றத்துக்கே ஆள் அனுப்பினோம். லீஃப்ஸ் கோப்பை தூக்கியதை மட்டும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்று அவர்கள் ஆடிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கின் கீழ்த்தளம் இப்போது பல்பொருள் அங்காடி. பழைய பனித்தளத்தின் நடுப்புள்ளியைத் தரையில் ஒரு சிவப்பு வட்டமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். அதன் மேலாக வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பால், பாண் வாங்கலாம். அந்த இடத்திலாவது வெறுங்கையுடன் திரும்பவேண்டியதில்லை.

இவர்களுக்கு வெட்கம் வராது என்று எனக்குத் தெரிந்தது 2020 பெப்ரவரியில். கரோலினாவின் இரண்டு கோல் காப்பாளர்களும் காயப்பட, அவசரத்துக்கு 42 வயது டேவிட் ஏயர்ஸை இறக்கினார்கள். பனித்தளத்தைச் சீர்செய்யும் வண்டி ஓட்டியவர். நம்முடைய அணி நிறுவனத்துக்கே வேலை செய்தவர். அவரைத் தாண்டி இரண்டு கோல் அடித்துவிட்டு, பிறகு பக்கை அவர் பக்கம் அனுப்பவே தயங்கி, 6-3 என்று தோற்றுப் போனார்கள். எதிரணிக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். எனக்கும் அந்த மனிதரை நினைத்துச் சந்தோஷம்தான். ஆனால் அன்றே நான் வேறு விளையாட்டுக்கு மாறியிருக்கவேண்டும்.

என்னுடன் வேலை செய்கிற மொன்றியல்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு 24 கோப்பை. அதிலும் கடைசியாக வென்றது 1993, அதற்குப் பிறகு கனடாவின் எந்த அணியும் வெல்லவில்லை. அவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். மே 19 க்குப் பிறகு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார். கிண்டலையாவது தாங்கலாம்.

இனி மார்ஷாண்ட். 2013, 2018, 2019, 2024 இல் பொஸ்டன் உடையில் நம்மை ஏழாவது ஆட்டத்தில் வெளியேற்றிய அணியில் இருந்தவர். 2025 மார்ச்சில் பொஸ்டன் அவரைப் புளோரிடாவுக்கு விற்றபோது ரொறன்ரோவே பெருமூச்சு விட்டது, தொல்லை தெற்கே போய்விட்டது என்று. இரண்டு மாதத்தில் அதே ஆள் வேறு நிற உடையில் வந்து நின்றார். ஐந்தாவது முறை. கோல் ஒன்றும் அடித்தார். நமக்கு எதிரான ஏழாவது ஆட்டங்களில் அவர் ஐந்துக்கு ஐந்து. அப்போதே வயது 37, ஓய்வு பெறுவார் என்றாவது ஆறுதல் சொல்லுங்கள் என்றால், அதற்கும் வழியில்லை. புளோரிடாவுடன் இன்னும் ஆறு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். புளோரிடா இருப்பது நம்முடைய அதே அட்லாண்டிக் பிரிவில்.