பிள்ளைகள் கைதட்டினால் பின்னம் புரிந்துவிட்டதா?

பிள்ளைகள் திரையில் ஆடும் ஒரு பின்னக் கணக்கு விளையாட்டின் வீடியோவை, "கற்றல் வெற்றி" என்று அறிவித்து, நேற்றிலிருந்து எத்தனை பேர் பகிர்ந்துவிட்டீர்கள்! பிள்ளைகள் துள்ளுகிறார்கள், கைதட்டுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பின்னம் புரிந்ததா என்று நான் கேட்டதற்கு "விளையாட்டுக்கு எதிரி" என்று எழுதினீர்களே, அதுதான் வலிக்கிறது.

அந்த விளையாட்டில் சரியான விடையைத் தட்டினால் பலூன் வெடிக்கிறது. பின்னத்தை எடுத்துவிட்டுத் தலைநகரங்களைப் போட்டாலும் அதே பலூன்தான் வெடிக்கும். பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒட்டே இல்லை. ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணினி விளையாட்டு வருகிறது. அதில் எதிரியாக வரும் எலும்புக்கூட்டின் மார்பில் இருக்கும் எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால்தான் அதை வீழ்த்த முடியும். அங்கே வகுத்தலே சண்டை. கணக்கைச் சண்டைக்கு வெளியே வினாவாக வைத்த வடிவத்தை ஆடியவர்களைவிட, இதை ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள்.

நீங்கள் பகிர்ந்த விளையாட்டிலோ கேள்விக்கு நான்கு விடைகள், தவறினால் இழப்பில்லை, வேகத்துக்கு போனஸ். பிள்ளை நான்கையும் வரிசையாகத் தட்டத்தான் செய்யும். ஒவ்வொரு தட்டலுக்கும் எத்தனை நொடி ஆனது என்று பதிவு செய்யுங்கள். கேள்வியைப் படிக்கவே போதாத நேரத்தில் வந்த விடைகளைக் கழித்தால் ஸ்கோரில் என்ன மிஞ்சும்?

"சோதிக்க வசதி எங்கே?" என்பீர்கள். 2008-இல் ரமணி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுக்கு வேண்டியிருந்தது விளையாட்டுப் பலகைகள்தான். ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள், இன்னொரு குழுவுக்கு வண்ணக் கட்டங்கள் மட்டும். 15 முதல் 20 நிமிடம், நான்கு தடவை. எண் பலகையில் ஆடியவர்களுக்கு எண்ணறிவு கூடியது, 9 வாரம் கழித்தும் நிலைத்தது. அந்த வண்ணப் பலகை இல்லாவிட்டால், கூடியது எண்ணாலா வெறும் ஆட்டத்தாலா என்று எப்படிச் சொல்வது?

திரையை அணைத்துவிட்டுத் தாளில் கேளுங்கள். ஆட்டத்துக்கு முன், பின், மூன்று வாரம் கழித்து. மூன்று தாளிலும் ஒரே கணக்குகள் வேண்டாம், விடை மனப்பாடமாகிவிடும். 3/8, 2/5 இரண்டில் எது பெரிது? மேலும் கீழும் பெரிய எண்ணைப் பார்த்து 3/8 என்பவருக்குப் பின்னம் இன்னும் இரண்டு தனித்தனி எண்கள்தான். ஒப்பிட, இந்த ஆட்டத்தை ஆடாத ஒரு குழுவையும் வையுங்கள்; அவர்களுக்கும் அதே அளவு நேரம் வேறு பயிற்சி கொடுத்து, அதே தாள்களில் கேளுங்கள்.

"மகிழ்ச்சி முக்கியமில்லையா?" முக்கியம்தான், ஆனால் நீங்கள் அறிவித்தது "கற்றல் வெற்றி". அதை நம்பி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பலூனெல்லாம் வெடித்த பிள்ளை அங்கே 3/8 என்று எழுதித் தப்பு வாங்கி, தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைக்கும். கைதட்டியதும் அந்தப் பிள்ளைதான்.