கோட்டைப் படத்தில் சாம்பல் மை கிடையாது
அண்ணே, பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கோட்டைப் படத்தில் "முன்னால் கறுப்பு மை, தூரத்துக்கும் தண்ணீருக்கும் சாம்பல் மை" என்கிறீர்கள். இது செதுக்குத் தகட்டு அச்சு: உலோகத் தகட்டில் கோடுகளை வெட்டி, வெட்டுக்குள் மை நிரப்பி, தாளை வைத்து அழுத்துவது. அதில் மை ஒன்றுதான். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். முன்பாறையில் வெட்டு ஆழம்; மை அதிகம் தங்கி, கோடு தடிப்பாக விழும், மேலே குறுக்குக் கோடும் ஓடும். தூர மலையில் மயிரிழைக் கோடுகள்தான், இடைவெளி விட்டு. சாம்பலாகக் கலப்பது நம் கண். (1820களில் செம்புத் தகட்டுக்குப் பதில் எஃகுத் தகடு பரவியதும் கோடுகள் இன்னும் நெருங்கின.)

தண்ணீரில் படுக்கைக் கோடுகள். பிம்பம் விழும் இடத்தில் அவையே தடிக்கும், அலை மினுங்கும் இடத்தில் அறுபடும். கோபுரத்தின் பிம்பம் குட்டையாக இருப்பதும் பிழையல்ல. கோபுரம் கரையிலிருந்து உள்ளே தள்ளி நின்றால், அதன் அடிப்பகுதியைப் பிம்பத்தில் கரை மறைத்துவிடும்.

லென்ஸில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால்தான் வம்பு: அது புகைப்பட முறையில் புள்ளிகளாக அச்சிட்ட பிற்கால மறுபதிப்பு.